கரடி வீட்டு ஆறு

சத்தியம், பிள்ளைகளே! நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தால் இன்று நான் சாப்பிடும் சோற்றில் வாய்க்கு வாய் கல் கடிபடட்டும். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரும் போகவில்லையா? சரி, கேளுங்கள்.

ஒரு காட்டில், ஓடைக்கு மேலே ஒரு சரிவு. சரிவில் ஒரு குகை. அந்தக் குகையில் கருப்பட்டி என்று ஒரு கரடி இருந்தது. கெட்ட கரடி என்று சொல்ல முடியாது. ஆனால் தான் நினைத்ததுதான் சரி என்கிற கரடி. தன் நாக்குக்கு இனித்தால் அது உலகத்துக்கே இனிப்பு என்று நம்புகிற கரடி. கெட்டவனிடமிருந்துகூடத் தப்பித்துவிடலாம், பிள்ளைகளே. இந்த மாதிரி ஆளிடமிருந்து தப்பிப்பதுதான் பெரும்பாடு.

ஒருநாள் கருப்பட்டி தண்ணீர் குடிக்க ஓடைக்கு இறங்கியது. வெயில் தண்ணீருக்குள் புகுந்து அடிமணல்வரை போயிருந்தது. பாசி படிந்த கற்கள். காற்றே இல்லாமல் அசைகிற வேலம்பாசிக் கொத்து. சாய்ந்து கிடந்த ஒரு மருதங்கட்டை. அதைச் சுற்றிக் கெண்டைக் குஞ்சுகள் பளிச் பளிச்சென்று திரும்பிக்கொண்டிருந்தன.

"அடடா! இது என் வீட்டுக்குள்ளேயே இருந்தால் படுத்துக்கொண்டே பார்க்கலாமே!" என்றது கரடி.

குகை வாசலை ஒட்டிப் பாறையிலேயே ஒரு பெரிய குழி உண்டு, தொட்டி மாதிரி. கருப்பட்டி அதில் ஓடை மணலைக் கொட்டிப் பரப்பியது. நடுவில் பெரிய கல் ஒன்று. அதன் தோளில் சாய்ந்தாற்போல் சின்னக் கல் இரண்டு. வேலம்பாசியை வேரோடு பிடுங்கி வந்து மணலில் ஊன்றியது. சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றியது. பிறகு பத்தடி பின்னால் போய், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. கல்லை ஒரு விரற்கடை நகர்த்தியது. மறுபடியும் பின்னால் போய்ப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மருதங்கட்டையைத் தூக்கி வந்து இறக்கும்போதுதான் உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது.

"எவன்டா அவன், குடியிருக்கிற வீட்டை ஆளோடு தூக்குறவன்?"

கட்டையின் பொந்திலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. பெயர் வெடுக்கி. அந்த ஓடையிலேயே அதைவிடக் கோபக்காரி கிடையாது. காலையில் வெயில் வந்தால் ஏன் வந்தாய் என்று திட்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று திட்டும். கெண்டைக் குஞ்சுகள் கட்டைப் பக்கம் வந்தால் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு விரட்டும்.

"நீயும் இருந்துக்கோ. ஆறுன்னா நண்டும் இருக்கத்தானே வேணும்?" என்றது கரடி. அன்று சாயங்காலமே கெண்டைக் குஞ்சுகளையும் குடுக்கையில் மொண்டு வந்து குழியில் கொட்டப் போனது.

"டேய் தடியா, நிறுத்து!" என்று வெடுக்கி கத்தியது. "தண்ணி இன்னும் புதுசா இருக்கு. ஊறட்டும். கல்லுல பாசி பிடிக்கட்டும். செடி வேர் விடட்டும். அதுக்கப்புறம் விடு மீனை."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"அவசரப்படாம இருக்கிறவனுக்கு நாள் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்று கரடி குஞ்சுகளைத் தொபுக்கென்று கொட்டிவிட்டது.

மறுநாள் காலை கருப்பட்டி குழியை எட்டிப் பார்த்தது. கல்லில் பச்சையாக ஏதோ வழவழத்தது. "சீச்சீ, அழுக்கு!" என்று கல்லையெல்லாம் வெளியே எடுத்து, மணல் போட்டுத் தேய்த்து, வெள்ளை வெளேரென்று ஆக்கி உள்ளே வைத்தது.

சின்னக் கெண்டை ஒன்று கல்லைக் கொத்திக் கொத்திப் பார்த்தது. "அத்தை, கல்லுல இருந்த சோறு எங்கே?" என்று வெடுக்கியைக் கேட்டது.

"யாருக்குடி நான் அத்தை? போ அந்தப் பக்கம்!" என்றது வெடுக்கி. ஆனால் கரடியைப் பார்த்துக் கத்தியது: "அது அழுக்கில்லடா, அதுங்களோட சாப்பாடு!"

"சாப்பாடா? சாப்பாடு நான் போடறேன் பார்!" என்று கருப்பட்டி நெஞ்சில் தட்டிக்கொண்டது. ஓடிப்போய் இலுப்பைப் பூவை வாரிக்கொண்டு வந்தது. அதன்மேல் கொம்புத்தேனைப் பிழிந்தது. கரடிக்கு அதைவிட உயர்ந்த விருந்து உலகத்தில் இல்லை. தன் வாய்க்குப் போகவேண்டியதை அப்படியே குழியில் கொட்டியது. "சாப்பிடுங்க செல்லங்களா, சாப்பிடுங்க!"

பூ ஊறியது. அழுகியது. தண்ணீர் கலங்கிக் கொழகொழத்தது. குஞ்சுகள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின.

அந்த நேரம் பார்த்துப் பசப்பன் என்ற கீரி வந்து சேர்ந்தது. வாயில் தேன், வயிற்றில் பசி. அதுதான் பசப்பன்.

"அண்ணே! உங்களைப் பார்த்ததும் எப்படி வாயைத் திறக்குதுங்க பாருங்க! பசிண்ணே, பாவம். இன்னும் கொஞ்சம் போடுங்க."

"ஆமாம்ல!" என்றது கரடி. இன்னும் ஒரு கை பூ. இன்னும் ஒரு கை தேன்.

"பசி இல்லடா பாவி, மூச்சு முட்டுது!" என்று வெடுக்கி அலறியது. "நீ எங்களுக்கு நல்லது செய்யறேன்னா, செய்யாம இரு!"

கரடிக்கு முகம் கறுத்தது. (ஏற்கெனவே கறுப்புதான்; இன்னும் கறுத்தது.) "என் வாயைக் கட்டி உங்களுக்குப் போடறேன். ஒரு நன்றி உண்டா?" என்று உறுமிவிட்டுத் தூங்கப் போனது.

வெடுக்கிக்குக் கால் இருக்கிறது. தண்ணீரை விட்டு நடக்கத் தெரியும். "எக்கேடும் கெட்டுப் போங்க" என்று சொல்லி, கல்லில் ஏறிக் குழியின் விளிம்புக்கு வந்துவிட்டது. கீழே சரிவு. சரிவின் அடியில் ஓடை. சலசலவென்ற சத்தம்கூடக் கேட்டது.

பின்னால் ஒரு குரல். "அத்தை, நீங்க போறீங்களா?"

வெடுக்கி ஒரு காலைச் சரிவில் எடுத்து வைத்தது.

"போங்க அத்தை. அங்கே போய் எங்க அம்மாகிட்ட, நாங்க நல்லா இருக்கோம்னு சொல்லிடுங்க."

வெடுக்கி ஓடையைத் திட்டியது. சரிவைத் திட்டியது. தன் எட்டுக் கால்களையும் ஒவ்வொன்றாகத் திட்டியது. திட்டிக்கொண்டே திரும்பி, தொப்பென்று அந்த நாறும் தண்ணீரில் விழுந்தது.

மறுநாள் ஒரு கெண்டைக் குஞ்சு வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. கருப்பட்டி அதை எடுத்துப் பார்த்தது. "சாகறதுக்கு உனக்கு என்ன குறை வெச்சேன்?" என்று கோபத்தோடு வெளியே வீசியது. வாசலில் காத்திருந்த பசப்பன் அது தரையில் விழுவதற்குள் பிடித்து விழுங்கியது. "போனது போகட்டும்ணே. மத்ததுக்கு இன்னும் நல்லா ஊட்டுங்க," என்று உதட்டை நக்கிக்கொண்டது. "நாளைக்குக் காட்டையே கூட்டி என் ஆற்றைக் காட்டறேன் பார்!" என்றது கரடி.

ஒரு குஞ்சுதானே என்கிறீர்களா? அதன் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

எப்போதும் கோபம் வந்தால் கத்துகிற வெடுக்கி அன்றைக்குக் கத்தவில்லை. கொடுக்கை மடக்கி வைத்துக்கொண்டு, கட்டைக்கு அடியில் போனது. குஞ்சுகளை அருகே கூப்பிட்டது. "நாளைக்கு அவன் ஊரைக் கூட்டி நம்மளைக் காட்டப் போறான். நான் பேசுறப்போ யாரும் பயப்படக் கூடாது. தண்ணி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போங்க. நிக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரியலை அத்தை."

"புரியாட்டியும் போ!"

சொன்னபடியே மறுநாள் மான், முயல், மந்தி, காட்டெருமை என்று எல்லாம் குகை வாசலில் கூடின. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கருப்பட்டி நெஞ்சை நிமிர்த்தி, "பார்த்துக்கோங்க! காட்டாற்றையே என் வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன்!" என்றது.

"ஆகா! ஆறேதான்!" என்றது பசப்பன்.

"ஆறாம், ஆறு!" என்று கட்டையின் மேலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. வெடுக்கிதான். "ஏன் மந்தி, ஆறுன்னா என்ன பண்ணும்?"

"ஓடும்," என்றது மந்தி.

"இது ஓடுதா?"

மந்தி குனிந்து பார்த்தது. மோந்து பார்த்தது. "இல்லையே. உட்கார்ந்திருக்கு."

முயல் முதலில் சிரித்தது. பிறகு மான். காட்டெருமை சிரித்தபோது குகையே அதிர்ந்தது.

"உங்க கருப்பட்டிக்கு ஆத்தைக் கொண்டு வரத் தெரியும். ஓட வைக்கத் தெரியாது, பாவம்!" என்றது வெடுக்கி. "விடுங்க. அதுக்கெல்லாம் உடம்புல தெம்பு வேணும்."

கரடிக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது. "யாருக்குத் தெம்பு இல்லை? எனக்கா? இப்போ ஓடுது பாருங்கடா!"

பார்த்துப் பார்த்து நடுவில் வைத்த பெரிய கல்லை இரண்டு கையாலும் பிடுங்கியது. ஓங்கி, குழியின் விளிம்பில் ஒரே அடி. பாறை பிளந்தது. தண்ணீர் கடகடவென்று வெளியே பாய்ந்து சரிவில் இறங்கியது.

"ஓடுதா?" என்று கருப்பட்டி கூட்டத்தைப் பார்த்துக் கர்ஜித்தது.

"ஓடுது!" என்றது கூட்டம்.

"ஆறா, இல்லையா?"

"ஆறுதான்! ஆறுதான்!"

கரடி கையை உயர்த்திக் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரோடு வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தன.

பசப்பன் மட்டும் பார்த்துவிட்டது. ஒரே தாவலில் சரிவின் நடுவில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. முதலில் வந்தது சின்னக் கெண்டை. ஆனால் அதற்கும் முன்னால், தண்ணீரோடு இறங்கி ஒரு கல்லில் ஏறியிருந்த வெடுக்கி அங்கிருந்து பாய்ந்து வந்தது. கீரியின் மூக்கை ஒரு கொடுக்கால் பிடித்தது. மேலுதட்டையும் கீழுதட்டையும் சேர்த்து இன்னொரு கொடுக்கால் பிடித்தது.

"பசியாடா உனக்கு? வாயைத் திற பார்ப்போம்! திறடா!"

பசப்பன் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று மட்டும் சொன்னது. அதன் கால்களுக்கு இடையிலேயே எல்லாக் குஞ்சுகளும் வழுக்கிப் போய், ஓடையில் பொத் பொத்தென்று விழுந்தன. கடைசிக் குஞ்சு விழுந்த பிறகுதான் வெடுக்கி பிடியை விட்டது. கீரி ஓடிய ஓட்டத்தில் பாதிக் காடு புழுதியாகிவிட்டது. மழை பெய்து நனைந்த காட்டில் ஏது புழுதி என்று கேட்காதீர்கள், அவ்வளவு வேகம்!

கருப்பட்டி மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. குழியில் ஈர மணல். அழுகிய பூ. சாய்ந்து கிடக்கும் செடி.

"என் மீனெல்லாம் எங்கே?"

"போயிடுச்சுங்க," என்றது சரிவில் நின்ற வெடுக்கி.

"தேன் போட்டேனே! என் தேனையே போட்டேனே!" என்று கரடி மார்பில் அடித்துக்கொண்டு கத்தியது.

"தேன் உனக்குடா பிடிக்கும்," என்று சொல்லிவிட்டு நண்டு பக்கவாட்டில் நடந்து ஓடைக்கு இறங்கியது.

அங்கே ஒரு தாய்க்கெண்டை கரையோரமாக நீந்தி நீந்தி, வந்த குஞ்சுகளையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று குறைகிறது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. யாருக்கும் அஞ்சாத வெடுக்கி அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு கல்லுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவ்வளவுதான், பிள்ளைகளே. இந்தக் கதையை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். கருப்பட்டியின் கோபம் இன்னும் தணியவில்லை. அதற்கு என் வீடும் தெரியும்.

நீதி: தனக்கு இனிப்பதைத் திணிப்பது அன்பு ஆகாது, அந்த உயிருக்கு எது வேண்டும் என்று பார்த்துச் செய்வதே அன்பு.