மக்காத றெக்கை

“எறங்கிட்டேன் சாமி. ஆனா இன்னும் எறங்கலை.”

சொரிமுத்து சொன்னது இவ்வளவுதான்.

கவர்சாமி உடைமரத்துக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் கவரை முள் முள்ளாக விடுவித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கவரின் ஒரு நுனியை மட்டும் அவன் பக்கம் நீட்டினாள்.

“கிழியாமப் பிடிங்க, அண்ணாச்சி.”

பிடித்தான்.

வயதில் அவள் இளையவள். அவளைப் போய்ச் சாமி என்கிறானே என்று ஊர் சிரித்தது. ஊர் எதற்குத்தான் சிரிக்கவில்லை.

ஊர் கணவாய்ப்புதூர். இரண்டு மலைக்கு நடுவே திறந்து வைத்த கதவு மாதிரி ஓர் இடைவெளி. அதன் வழியாகத்தான் காற்று வரும். சரிவெல்லாம் கரண்ட் எடுக்கும் காற்றாடிகள், ஆளுக்கு மூன்று றெக்கையோடு. காற்றுக்கு இன்னதைத்தான் தொட வேண்டும் என்று கிடையாது. காற்றாடியையும் சுற்றும், குப்பைமேட்டையும் கிளப்பும். ஊர்க் கவர்கள் கொக்குக் கூட்டமாகப் பறந்து போய் முள்காட்டில் அடையும். விடிந்து பார்த்தால் காடு பூத்துக் கிடக்கும்.

அந்தப் பூவைப் பறிப்பவள் கவர்சாமி. எங்கிருந்து வந்தாள், யாருக்கும் தெரியாது. பறித்ததை ஓடைக்கு அப்பால் குப்பை பிரிக்கும் கொட்டகையில் சேர்ப்பாள். ஓடைக்கரையில் கழற்றிப் போட்ட பழைய காற்றாடி றெக்கை ஒன்று கிடந்தது. அதன் அடிப்பாகம் குகை மாதிரி உள்ளே குடைவாக இருக்கும். அதுதான் அவள் வீடு.

சொரிமுத்து பழுது பார்க்கக் காற்றாடி ஏறுகிறவன். ஏறினவன் என்று சொல்ல வேண்டும்.

“என்ன ஆச்சு?” என்றாள்.

“போன புரட்டாசி. உச்சியில கிரீஸ் போட்டுட்டு வெளிய தலைய நீட்டுனேன். சட்டுனு காத்து நின்னுட்டு. எல்லாக் காத்தாடியும் நின்னுட்டு. மேகங்கூட நின்னுட்டு.”

“சரி.”

“நான் நிக்கலை.”

“ம்.”

“அன்னையிலேருந்து சுத்துதேன் சாமி. காது டாக்டர் பாத்தாச்சு, நரம்பு டாக்டர் பாத்தாச்சு. ஒண்ணுமில்லங்காங்க. ஸ்டூல்ல ஏறி ஒரு பல்பு மாட்ட முடியலை. எம் பொண்டாட்டி மாட்டுதா.”

“பல்பு எரியுதுல்லா?”

“எரியுது.”

“பெறகென்ன?”

சொரிமுத்துக்குக் கோபம் வந்தது. வராதா? ஆடி பிறக்கும்வரை பார்ப்போம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அதற்குள் ஏறவில்லை என்றால் அவன் இடத்துக்கு வேறு ஆள். அதுவரை வயிற்றுப்பாட்டுக்குக் குப்பைக் கொட்டகை. மேகத்தில் கை நனைத்தவன் வாழைப்பழத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். இவள் பல்பு எரிகிறதா என்கிறாள்.

“இந்தச் சுத்த நிப்பாட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கலை.”

கவர் முள்ளை விட்டது. அவள் அதை உதறினாள்.

“மக்குமா, மக்காதா?”

“கவரா? மக்காது.”

“உங்க சுத்தக் கேட்டேன்.”

யோசித்தான்.

“மக்கலை. அப்படியே கெடக்கு.”

“அப்ப எதுக்குப் பச்சைத் தொட்டியில போடுதீங்க?”

கொட்டகையில் இரண்டு தொட்டி. மக்குவது பச்சையில், மண்ணோடு மண்ணாகும். மக்காதது நீலத்தில், வேறொன்றாகும். பள்ளிக்கூடச் சுவரில்கூட எழுதிப் போட்டிருக்கிறது. சொரிமுத்துக்கும் தெரியும். இவள் என்ன சொல்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

மறுநாளும் வந்தான்.

தினமும் வந்தான். கொட்டகைக்குப் போகுமுன் அவளோடு கவர் பறித்தான். தாழ்ந்த கொம்பில் உள்ளதை மட்டும் பறிப்பான். அண்ணாந்து பார்க்க வேண்டியதை விட்டுவிடுவான். அவள் ஒன்றும் சொல்வதில்லை. துரட்டியால் இழுத்துக்கொள்வாள்.

ஒரு நாள் ஜெபராஜ் பைக்கை நிறுத்தினான். கம்பெனி சூப்பர்வைசர். ஒரு காலத்தில் இவனோடு ஒரே ஏணியில் ஏறினவன்.

“என்னவே, மேல நின்னு கரண்ட் எடுத்த ஆளு, கீழ நின்னு கவரு எடுக்கீரு?”

“சோலியப் பாத்துட்டுப் போரும்.”

“ஆனி பொறந்துட்டு. காத்து தொறந்துட்டு. ஒம்ம ஏறுத பெல்ட் மட்டும் ஆணியிலயே தொங்குது. எலி கடிச்சிரப் போவுது.”

ஜெபராஜ் அவள் பக்கம் திரும்பினான்.

“சாமி, ஏதாச்சும் மந்திரம் போட்டு இவர அனுப்பி வையுங்களேன். நல்ல ஆளு. புதுப் பயலுவ நட்டுக்கும் போல்ட்டுக்கும் வித்தியாசம் கேக்கானுவ.”

“மந்திரம் இல்லை. கவர் இருக்கு. வேணுமா?”

ஜெபராஜ் பைக்கை உதைத்தான்.

ஒரு மத்தியானம் வெயில் கொளுத்தியது. “உள்ள படுங்க” என்றாள்.

றெக்கைக்குள் வெளிச்சம் பால் நிறத்தில் ஊறியிருந்தது. போகப் போகக் குறுகி இருட்டில் முடிந்தது. நுனியில் மழைத்தண்ணீர் வடிய ஒரு துவாரம். காற்று அதன் வழியே போனபோது றெக்கை முழுக்க முனகியது.

ம்ம்ம்.

சொரிமுத்து சுவரைத் தடவினான். வெளியிலிருந்து உள்ளே வரை ஊறிய ஒரு தழும்பு கையில் தட்டியது.

“சாமி, இந்த ஒட்டு நான் போட்டது. கயித்துல தொங்கிக்கிட்டு. இது எங் காத்தாடி.”

“அப்படியா.”

“என்னமோ சொல்லுதே இது. என்ன சொல்லுது?”

“எனக்கென்ன தெரியும். காத்துக்கு வழி விட்டுருக்கு.”

கண் அயர்ந்தான். கனவில் கவர்கள் கொக்காக வந்து அவன்மேல் அமர்ந்தன. அவன் வானத்தில் நீளமாகக் கிடந்தான். கீழே ஊர் மெல்லத் திரும்பியது. தேரடி திரும்பியது. பஸ் ஸ்டாண்டு திரும்பியது. கையில் பல்போடு ஸ்டூலில் நின்ற அவன் பெண்டாட்டியும் திரும்பினாள். யாருக்கும் தலை சுற்றவில்லை.

விழித்தபோது முனகல் நிற்கவில்லை.

“சாமி, நான் மேல கெடக்கேனா, கீழ கெடக்கேனா?”

“சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

“அப்ப கீழதான்.”

அந்த றெக்கையால் ஊருக்குத் தலைவலி. காற்றாடியின் இரும்பு உருகிப் போனது. செம்பு விலை போனது. றெக்கையை மட்டும் உருக்க முடியாது. எரித்தால் ஊர் நாறும். அறுத்தால் தூள் பறந்து உடம்பெல்லாம் அரிக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் சுற்றிவந்து பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார், போய்விட்டார்.

குவாரிக் குழியில் புதைத்துவிடலாம் என்றார் பேரூராட்சி அதிகாரி. கிரேன் வந்தது.

கவர்சாமி பாயையும் தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்க கொண்டு போறீங்க?”

“பொதைக்க.”

“மக்காததையா?”

“வேற என்னம்மா செய்ய? தலையிலயா வச்சுக்கிட முடியும்?”

அவள் துரட்டியை நீட்டினாள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் கொட்டகை. நடுவில் ஒரு பனை ஆழம். குப்பை வண்டி தள்ளும் பெண்கள் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பாதிக் குப்பையை வழியிலேயே காற்று வாங்கிக்கொள்ளும்.

“அங்கன போடுங்க. குறுக்க.”

அதிகாரி சிரிக்கப் போனார். வண்டி தள்ளும் பெண்கள் சிரிக்கவில்லை. அவரும் வாயை மூடிக்கொண்டார். பொறியாளர் வந்தார், அளந்தார், தட்டிப் பார்த்தார். தாங்கும் என்றார்.

“நீ எங்கம்மா படுப்ப?” என்றார் அதிகாரி.

“மழை வரட்டும், பாத்துக்கிடலாம்.”

ஆனி முடிகிற நாளில் றெக்கை ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. மேலே பலகை வைத்துப் போல்ட் முறுக்கியிருந்தார்கள். கைப்பிடிக் கம்பி நாளைக்கு என்றார்கள். அதுவரை யாரும் ஏறக் கூடாது என்று ஒரு கயிற்றைக் கட்டினார்கள்.

கரையில் ஊர் நின்றது. சொரிமுத்து ஓரமாக நின்றான். பார்க்கும்போதே அவனுக்குச் சுற்றியது. கவர்சாமி ரோட்டைச் சுற்றிப் போய்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கவர் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெபராஜ் வந்தான். தோளில் பெல்ட்.

“நாளைக்கு ஆடி. என்ன சொல்லுதீரு? இத வேற ஆளுக்குக் குடுத்துரட்டா?” இந்த முறை கேலி இல்லை.

சொரிமுத்து பெல்ட்டைத் தொடாமல் ஓரடி பின்னே நகர்ந்தான்.

அப்போது கணவாய்க் கதவு திறந்தது. குப்பைமேட்டிலிருந்து ஒரு வெள்ளைக் கவர் எழும்பியது. ஊர்த் தலைகளுக்கு மேலே மிதந்தது. ஓடைக்கு மேலே யோசித்துக்கொண்டு நின்றது. பிறகு இறங்கி, றெக்கையின் நட்ட நடுவில் ஒரு போல்ட் தலையில் சிக்கிக்கொண்டு படபடத்தது.

இன்னும் ஒரு வீச்சு வந்தால் முள்காட்டுக்குப் போய்விடும். முள்ளில் கிழிந்தால் துண்டு துண்டாகப் போகும். துண்டு துண்டானதை யார் பொறுக்குவது?

சொரிமுத்து கயிற்றுக்குக் கீழே குனிந்து போனான்.

“ஏ, ஏ! கைப்பிடி இல்லவே!” என்று யாரோ கத்தினார்கள்.

அவன் காதில் விழவில்லை. நடந்தான். குனிந்தான். கிழியாமல், நுனி நுனியாக விடுவித்தான். கவர் கைக்கு வந்தது. பலகைக்கு வெளியே ஒரு தழும்பு தெரிந்தது. அவன் போட்ட ஒட்டு.

அதற்கும் கீழே, ஒரு பனை ஆழத்தில், ஓடை தெரிந்தது.

உலகம் கழன்றது.

“சாமி! சுத்துது!”

கவர்சாமி தலையைத் தூக்கவில்லை.

“எது?”

பார்த்தான். சரிவு முழுக்கக் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மலைமேல் மேகம் சுற்றியது. அவனும் சுற்றினான். காலடியைப் பார்த்தான். காலமெல்லாம் சுற்றின ஒன்று அங்கே அசையாமல் கிடந்தது. காற்று அதற்குள்ளும் போய்க்கொண்டிருந்தது.

ம்ம்ம்.

“கவரக் கொண்டாங்க, அண்ணாச்சி. காத்து பிடுங்கிரும்.”

கொண்டுபோனான்.

“மக்குமா, மக்காதா?”

“மக்காது.” நீலத் தொட்டியில் போட்டான்.

“தலை?”

“சுத்துது.”

“ம்,” என்று அடுத்த கவரை எடுத்தாள்.

சொரிமுத்து நீலத் தொட்டியைப் பார்த்தான். மக்காதது, வேறொன்றாகும். பிறகு திரும்பி, வந்த வழியே றெக்கையில் கால் வைத்தான்.

இந்த முறை நடுவில் எடுப்பதற்கு ஒரு கவரும் இல்லை.

அக்கரையில் ஜெபராஜ் பெல்ட்டைத் தோளிலிருந்து இறக்கினான்.