மெட்டில்டா தைச்ச வெள்ளைக் கவுன்

கொஞ்சம் தள்ளிப் படும்மா, காம்பு குத்தும். இவ்வளவு முருங்கைக்கீரையும் நான் உருவி முடிக்கணும். உருவிக்கிட்டே சொல்றேன், நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா நீ தூங்கிட்டன்னு நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு மெட்டில்டா. எல்லாம் பேசுவா, ஆனா ‘மாட்டேன்’ங்கிற ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு வராது. தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே நிக்கும், திரும்பக் கீழ போயிடும். அதுக்குப் பதிலா ‘சரி’ன்னு ஒண்ணு வெளிய வந்து விழும்.

ம்.

அது கடலோர ஊரு. அவளுக்கு அப்பா இல்ல. அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போய், வெளிச்சம் எது இருட்டு எதுன்னு மட்டும்தான் தெரியும். இவ கன்னியர் மடத்துத் தையல் வகுப்புல லேஸு பின்னுவா. அதே ஊர்ல தொம்மைன்னு ஒருத்தன், கிழிஞ்ச வலையைப் பொத்துறவன். அவனுக்கும் இவளுக்கும் கல்யாணம் பேசினாங்க. ரெண்டு வீட்டுலயும் ஊசிதான் இருக்கு, சோத்துக்கு நூலைத்தான் திங்கணும்னு ஊர்ல கேலி பண்ணாங்க. அவ சிரிச்சுக்கிட்டா. தொம்மையை அவளுக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு.

தொம்மையோட அம்மா செசில்யம்மா ஒரே ஒரு சொல்லுதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்கு வர்ற மூத்த மருமக வெள்ளைக் கவுன் போட்டு, தலைக்கு மெல்லிசா வலைத்துணி நெட்டு போட்டு, கையுறையும் கிரீடமுமாத்தான் கோயில் படி ஏறணும்னு. கடையில வாங்க எங்க போறது? நானே தைக்கிறேன்னுட்டா. தொம்மை மட்டும் தனியா ஆள்விட்டுச் சொன்னான், அவ நூல்சேலையில வந்தாலும் எனக்குப் போதும்னு.

அப்புறம் தைச்சா பாரு, நாலு மாசம். சரக், சரக், சரக். மடத்துல மிச்சம் விழுற லேஸுத் துண்டையெல்லாம் சேத்து ஓரத்துக்கு வச்சா. கிரீடத்துக்குத் துணியில மொட்டு செஞ்சு, ஒவ்வொண்ணா மெழுகுல முக்கிக் காய வச்சா. கையுறையில பத்து விரலும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடித் தையல்.

ம்.

அந்த ஊர்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தா சொல்லுங்கன்னு பங்குச்சாமி கேப்பாரு. மூணாவது ஓலை முடிஞ்சு எட்டாம் நாள், திங்கக்கிழமை, இவங்க கல்யாணம். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத் தவக்காலம் பிறந்துடும். தவக்காலம் பூரா கோயில்ல யாருக்கும் கல்யாணம் வைக்க மாட்டாங்க.

முதல் ஓலை வாசிச்சாங்க. டாண், டாண்னு மணி அடிச்சுது. அன்னைக்கே பக்கத்து வீட்டு சலேத்தக்கா ஓடி வந்தாங்க. அவங்க மகளுக்கு மறுநாளே கல்யாணம், வாங்கின கவுனு கக்கத்துல படார்னு கிழிஞ்சுபோச்சாம். ஒரு நாளைக்குக் கொடு, அலசித் தந்துடறேன்னாங்க. இவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. சரின்னா. அந்தப் பொண்ணு குட்டை. கவுனு திரும்பி வரும்போது கீழ ஒரு சாண் இல்ல. நடக்கையில தடுக்குச்சாம், கறுக்குனு வெட்டிட்டாங்க.

“உனக்கென்னட்டி, தைக்கத் தெரிஞ்சவதானே, ஒட்டுப் போட்டுக்கோ”ன்னாங்க சலேத்தக்கா.

அவ ஒட்டுப் போட்டா. ரெண்டாவது ஓலையும் வாசிச்சாங்க. அப்போ அவ அண்ணன் பொண்டாட்டி, மைனி, வந்தாங்க. எம்பிள்ளைக்குப் புதுநன்மை, கோயில்ல முதல் நன்மை வாங்கப் போறா, தலைக்கு நெட்டு வேணும், இவ்வளவு நீளத்தைத் தரையில இழுத்துக்கிட்டுப் போயி என்ன செய்யப்போற, பாதியத் தான்னு கேட்டாங்க. சொந்த அண்ணன் பிள்ளையாச்சே. சரின்னா. கறுக், கறுக். தைக்கத் தெரிஞ்சவளுக்கு என்னன்னு மைனியும் சொல்லிட்டுப் போனாங்க. மிச்ச நெட்டுக்கு ஓரம் கட்டி அதையும் ஒப்பேத்திட்டா.

ம்... அப்புறம்?

மூணாவது ஓலை. அன்னைக்குச் சாயங்காலம் மணி வேற மாதிரி அடிச்சுது. டா...ண். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு டா...ண். தையல் வகுப்புல இவ பக்கத்துல உக்காந்து லேஸு பின்னுவாளே ஜெனோவா, அவ நாலு நாள் காய்ச்சல்ல போயிட்டா. கல்யாணமாகாத பிள்ளை செத்தா அந்த ஊர்ல மணப்பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணித்தான் பெட்டியில வைப்பாங்க. ஜெனோவாவோட அம்மா இவ வாசல்ல வந்து நின்னாங்க. கேக்க வாய் வரல அவங்களுக்கு. நின்னுக்கிட்டே இருந்தாங்க.

மெட்டில்டா உள்ள போயி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தா. கவுன், நெட்டு, கையுறை, கிரீடம். அவளே போட்டும் விட்டா. குளிர்ந்த விரலுக்குக் கையுறை போகாதும்மா, வழுக்காது. ஒவ்வொரு விரலா நீவி நீவிப் போட்டா.

அப்புறம் எட்டே நாள். மடத்துச் சிஸ்டர் பழைய சன்னல் திரை ஒண்ணு கொடுத்தாங்க. அதை வெளுத்து, வெட்டி, தைக்க உக்காந்தா. சரக், சரக், சரக். விரல்ல ஊசி குத்தி வெள்ளையில ரத்தம் பட்டுச்சு. அலசினா, காயப் போட்டா, திரும்பத் தைச்சா. சனிக்கிழமை சாயங்காலம் பாத்தா, உடம்பும் ஒரு கையும்தான் ஆயிருக்கு.

அப்போ செசில்யம்மா வந்தாங்க. தொம்மை பின்னாலயே வந்து வாசல்படிகிட்ட நின்னான். செசில்யம்மா அந்த ஒத்தைக் கை கவுனத் தூக்கிப் பாத்தாங்க. இப்படி அவசரப்பட்டு ஊர் சிரிக்கவா, தவக்காலம் கழிஞ்சு ஈஸ்டர் முடிஞ்சு வச்சுக்குவோமேன்னாங்க.

தொம்மை அவளையே பாத்தான். அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவன் அம்மாகிட்டப் பேசியிருப்பான். மாட்டேன், எனக்குக் கவுனும் வேணாம் ஒண்ணும் வேணாம், நாளன்னைக்கே வர்றேன்னு. தொண்டை வரைக்கும் வந்துச்சு. வந்து நின்னுச்சு. கால் பெருவிரலால மண்ணைக் கீறிக்கிட்டே நின்னான் அவன்.

“சரி அத்தை”ன்னா.

அவன் காலை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். ம் சொல்லு.

ம்...

நாப்பது நாள்ல எவ்வளவோ நடக்கும். தொம்மைக்குக் கப்பல்ல வேலை வந்துச்சு. வாங்கிக் கொடுத்தது தூரத்து ஊர் ஆளு ஒருத்தரு, அவருக்கு ஒரு மக. ஈஸ்டர் வந்துச்சு, போச்சு. செசில்யம்மா வீட்டுலேருந்து ஒரு பேச்சும் இல்ல. மெட்டில்டா அந்த ரெண்டாவது கையையும் தைச்சு முடிச்சு மடிச்சு வச்சிருந்தா. அதை யாரும் கேக்கல.

அப்புறம் ஒரு நாள் செசில்யம்மாவே வந்தாங்க. கையில பெரிய பொட்டலம். பளபளன்னு சாட்டின் துணி, புது நெட்டு, டப்பா நிறைய முத்து. தப்பா நினைக்காத மெட்டில்டா, தொம்மைக்கு அந்த ஆளு மகளையே பேசி முடிச்சாச்சு, அமைப்பு அப்படி ஆயிடுச்சு, ஆனா உன் கைத்தையல் மாதிரி இந்த ஊர்ல எவளுக்கும் வராதுன்னாங்க.

அப்போ வந்துச்சு பாரு அவளுக்கு. இத்தனை வருஷமா கீழயே போயிக்கிட்டிருந்தது மொத்தமும் திரண்டு மேல வந்துச்சு. வாயைத் திறந்தா.

“அளவு கொடுங்க”ன்னா.

அளவு எங்கே இருக்கு, அந்தப் பொண்ணு எங்கேயோ இருக்கா. அவளும் உன் உடம்புவாகுதான், நீயே போட்டுப் பாத்துத் தைச்சுடுன்னுட்டுப் போயிட்டாங்க.

ஒரு மாசம். சரக், சரக். தைச்சு முடிச்சா. கவுன், கையுறை, முத்துக் கிரீடம், எதுலயும் ஒரு தையல் கோணல் இல்ல. அளவு பாக்கணுமே, கதவைச் சாத்திட்டுப் போட்டுக்கிட்டா. கவுனப் போட்டு, கையுறை மாட்டி, நெட்டு விட்டு, மேல கிரீடம் வச்சா. எல்லாம் அவளுக்கே பண்ணின மாதிரி உக்காந்துச்சு. நடந்து பாத்தா. சலசலன்னு சாட்டின் பேசுச்சு.

சுவரோரம் உக்காந்திருந்த அம்மாவுக்கு வெள்ளையா ஒண்ணு அசையறது மட்டும் தெரிஞ்சுது. அவங்க அவசரமா மாராப்பை இழுத்து விட்டுக்கிட்டு எழுந்தாங்க.

“மெட்டில்டா, எங்கட்டி போன? யாரோ கல்யாணப் பொண்ணு வந்திருக்கா. பாயைப் போட்டு உக்காரச் சொல்லு.”

அவ பாயைப் போட்டா. அவளே உக்காந்துக்கிட்டா. அம்மா பக்கத்துல வந்து, கையுறைக்கு மேல அவ கையைத் தடவி, நல்லா இருக்கணும் தாயீன்னு நெத்தியில சிலுவை வரைஞ்சு விட்டாங்க. நான்தாம்மான்னு அவ சொல்லல.

ம் காணோமே. தூங்கிட்டியா? தூங்கு, தூங்கு. கதை இவ்வளவுதான், இனிமே கண்ணுக்கு வேலை இல்ல. அப்புறம் அவ விரல் விரலா அந்தக் கையுறையக் கழட்டி, முதுகுல கொக்கிய ஒவ்வொண்ணா விடுவிச்சு, கசங்காம மடிச்சு, அதுக்கு மேல ஒரு... கூப்பிட்டீங்களா? சரி, வாரேன் அத்தை, பிள்ளை இப்பதான் தூங்குச்சு.