கழுத்தில் தொங்கிய கௌரவம்

ராஜா காலத்தில் ஏது டிஜிட்டல் காமிரா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மணற்கோட்டை அரண்மனையில் ராஜாவும் இருந்தார், மெமரி கார்டும் இருந்தது. பேட்டரி சார்ஜ் போடுகிற இடம் யானைக் கொட்டடிக்கு அடுத்த அறை.

ராஜா விசயகோதண்டருக்குக் காமிராப் பைத்தியம். விலை கூடினது எது வந்தாலும் வாங்கிவிடுவார். எடுப்பது மட்டும் எப்போதும் ஒரே படம்தான். தன் காலை இட்லி.

இந்தப் பைத்தியத்துக்குத் தினமும் தூபம் போட்டவர் தில்லைநாயகம். சபையில் புதுவரவுச் செய்தி வாசிப்பது அவர் உத்தியோகம். "நேற்று மகராஜா வாங்கினது நாற்பத்தஞ்சு மெகாபிக்சல். இன்றைக்கு அறுபது வந்திருக்கிறது" என்பார். ராஜாவுக்கு இட்லி இறங்காது.

வாங்கியதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவள் குமுதவல்லி. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதும், ராஜா போகிற இடமெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு போவதும் அவள் வேலை. ஒரு தோளில் காமிராப் பை, மறு பக்கம் இடுப்பில் பால்குடி மறக்காத பெண்குழந்தை. புருஷன் கப்பலில். காமிராக்களை வைத்திருக்கிற படக்கூடத்தை ஒட்டிய ஓட்டு வீடுதான் தாய்க்கும் பிள்ளைக்கும். அந்த வீட்டின் மேல் தில்லைநாயகத்துக்கு ஒரு கண். மச்சினனைக் குடிவைக்க வேண்டுமாம்.

ஒருநாள் தில்லைநாயகம் ஆளுயர லென்ஸ் ஒன்றைப் பற்றி வாசித்தார். குமுதவல்லிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மகராஜா, அது அடுத்த மலையில் நிக்கிற மானை எடுக்கிற லென்ஸ். நம்ம இட்லி அவ்வளவு தூரம் ஓடாதே."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. தில்லைநாயகம் பதம் பார்த்து வார்த்தையை விட்டார். "இவ்வளவு தெரிஞ்சவ, இனி வாங்கவே வேண்டாம்ங்கிற மாதிரி ஒண்ணைக் காட்டட்டுமே."

ராஜா பிடித்துக்கொண்டார். "சரிதான். வர்ற பௌர்ணமிக்குள்ள எனக்குக் கடைசிக் காமிரா வேணும். அதுக்கப்புறம் புதுசு வந்திருக்குன்னு ஒரு சொல் என் காதுல விழக்கூடாது. முடியலைன்னா வீட்டைக் காலி பண்ணு."

வெளியே ஐப்பசி மழை. குழந்தைக்கு ஏற்கெனவே நெஞ்சில் கர்கர் என்று இழுப்பு. குமுதவல்லி அவளை மாரோடு அணைத்துக்கொண்டாள். இந்த மழையில் இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? புதுசு செய்கிறவன் உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறான். அவன் கையைக் கட்ட முடியுமா? குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே சபையைச் சுற்றிப் பார்த்தாள். குடை பிடிக்கிறவர் மேல் கண் நின்றது.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவுக்கு ஒரு பொருளைச் சிபாரிசு செய்தவருக்கே அதைச் சுமக்கிற கௌரவம். குடை வாங்கச் சொன்னவர் குடை பிடித்தார். தங்கப் படிக்கம் வாங்கச் சொன்னவர் பெயர் வேண்டாம்; ராஜா துப்பத் துப்ப அவர் வம்சம் இன்றும் ஏந்திக்கொண்டு நிற்கிறது.

"கொண்டு வர்றேன் மகராஜா," என்றாள். "ஆனா ஒரு குறை. இத்தனை காமிராவையும் சிபாரிசு செஞ்சது அண்ணாச்சி. கௌரவத்தை இத்தனை நாளா நான் அனுபவிச்சுட்டேன். நியாயமா அது அவருக்கில்ல சேரணும்?"

"அட, ஆமா," என்றார் ராஜா.

தில்லைநாயகத்துக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டினார்கள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் காமிராக்கள் வந்தன. கழுத்தில் தொங்கின. தோளில் தொங்கின. முதுகில் காமிரா நிறுத்துகிற முக்காலி ஏறியது. ஆளுயர லென்ஸும் வாங்கியாயிற்று. அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டார்.

மறுநாள் ராஜா குன்றேறினார். தில்லைநாயகமும் ஏறினார். ராஜா நந்தவனம் போனார், கோவிலுக்குப் போனார், மறந்துவிட்ட விசிறிக்காகத் திரும்பவும் குன்றேறினார். தில்லைநாயகம் பின்னாலேயே ஏறினார். இடையில் பழக்கதோஷத்தில் ஒரு புதுவரவை வாசித்துத் தொலைத்தார். சாயங்காலமே அதுவும் கழுத்துக்கு வந்துவிட்டது. அதற்குமேல் கழுத்து திரும்பவில்லை.

அடுத்த காலை ராஜா கேட்டார். "என்னய்யா செய்தி?"

"செய்தி ஒண்ணும் இல்லை மகராஜா."

அதற்கடுத்த காலையும் அதே பதில். பௌர்ணமி வரைக்கும் அதே பதில்தான்.

பௌர்ணமியன்று சபை நிறைந்திருந்தது. "எங்கே என் கடைசிக் காமிரா?" என்றார் ராஜா.

"அதோ, அண்ணாச்சி கழுத்துல கடைசியாத் தொங்குதே, அதுதான்," என்றாள் குமுதவல்லி. "அதைவிடப் புதுசு உண்டான்னு அவரையே கேளுங்க."

தில்லைநாயகம் குனிந்தபடியே பேசினார், நிமிர வழியில்லை. "இல்லவே இல்லை மகராஜா. காமிரா செய்யிறவனெல்லாம் விவசாயத்துக்குப் போயிட்டான்."

ராஜா அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். மெல்லப் புரிந்தது. புரிந்ததும் சிம்மாசனம் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். ஓட்டு வீட்டை அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தார். ஒழுகுகிற ஓட்டை மாற்ற ஆளும் அனுப்பினார்.

சபை கலைந்தது. ராஜா மட்டும் நகரவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

"குமுதவல்லி, நமக்குள்ள இருக்கட்டும். நிஜமாவே புதுசு ஒண்ணும் வரலையா?"

"வந்திருக்கு மகராஜா."

"என்னது அது? சொல்லு, சொல்லு."

"சொன்னா நான்ல தூக்கணும்," என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள் குமுதவல்லி. "இங்க ஏற்கெனவே ஆள் இருக்கு."