இன்னும் ஒரு கட்டை

பாடகர் பவளவண்ணனின் குழுவில் கீபோர்டு வாசிக்கப் புதிதாக வந்தாள் ரெஜினா. அவள் தாளில் சி மேஜர், ஜி மேஜர் என்று கார்டுகளின் பெயரெல்லாம் கிடையாது. பாட்டின் சுருதியை ஒன்றாக வைத்து எண்ணிய ஒன்று, நாலு, ஐந்து என்று வெறும் நம்பர்.

"இது பாட்டா, பஸ் நம்பரா?" என்றார் பவளவண்ணன். "மேடையில நான் சுருதியை ஏத்துவேன். தடுமாறினா சீட்டைக் கிழிச்சிடுவேன்."

கல்யாண மேடையில் சரணத்துக்குச் சரணம், "இன்னும் ஒரு கட்டை" என்றார். ரெஜினா ஒன்றாம் நம்பரை மேலே தள்ளிவைத்தாள். நாலும் ஐந்தும் தானாகப் பின்னால் வந்தன.

நாலாவது சரணத்தில் அவர் குரல் சேவலாகக் கூவியது. மாப்பிள்ளையே எழுந்துவந்து சோடா நீட்டினார்.

"இறக்கும்மா," என்றார் பவளவண்ணன், காற்றாக.

"ஏண்ணே, இன்னும் ஏத்தலாமே. நம்பருக்குத் தொண்டை கட்டாது."

மிச்சப் பாட்டையெல்லாம் ரெஜினாதான் பாடினாள். அண்ணன் ஓரமாக நின்று கிலுகிலுப்பை ஆட்டினார்.