பக்கத்திலேயே இருந்த எண்

ஹாஜா பாய் யாரையும் திட்டமாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று இருக்கும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தொழிலை அவரிடம் கற்றவள் மதிவதனி. கெட்டிக்காரி, ஆனால் அவசரக்காரி.

புற்றுநோய் மருத்துவமனையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ச்ச வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. பாய் ஊரில் இல்லை. மதி தனியாகப் போனாள். சிஸ்டத்தைத் திரும்பப் போட அதன் பழைய டிஸ்க் இமேஜ், அதாவது டிஸ்க்கின் முழு அச்சுநகல், வேண்டும். இணையத்தில் யாரோ திறந்து போட்டிருந்த ஒரு ஃபோல்டரில் அது கிடைத்தது. இறக்கினாள், ஏற்றினாள், ஓடியது. டாக்டர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை திரையில் கப்பம் கேட்டு மிரட்டல். ஏதோ வைரஸ் பூட்டிவிட்டது, ஒரு ஃபைலும் திறக்கவில்லை. நோயாளிகளின் கணக்குக்கு நகல் இருந்த டிஸ்க்கையும் மதி கழற்றாமல் விட்டிருந்தாள். அதுவும் போச்சு.

பாய் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே வந்தார்.

"எங்கேம்மா எடுத்தே?"

"ஓபன் டைரக்டரியில பாய். ஆனா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கல. செக்சம்னு சரிபார்க்கிற எண் இருக்குமே, அதைப் பாத்தேன். ஃபைல்ல ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அந்த எண் மாறியிருக்கும். அச்சு அசலா ஒத்துப்போச்சு."

"எதோட ஒத்துப் பாத்தே?"

"ஃபைலைப் போட்டவங்களே பக்கத்துலயே எண்ணையும் போட்டிருந்தாங்க."

"தயாரிச்ச கம்பெனிகிட்ட கேக்கலையா?"

"பதில் வர நாளாகும்னாங்க. ஜனங்க காத்துக்கிட்டு இருந்தாங்க பாய்."



அப்போது பேச்சியம்மாளை அவள் மகன் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுக்குத் தொண்டையில் புற்று. பேச வராது.

"நடுவுல நிறுத்தினா கட்டி மறுபடி வளரும்னு டாக்டர் சொன்னாரே, சிஸ்டர். இன்னிக்கு உண்டா?"

"இல்லப்பா. எப்பன்னும் தெரியல. எல்லாத்தையும் ஸ்கேன்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றாள் நர்ஸ்.

"அதுவரைக்கும் அம்மா தாங்குமா?"

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாளோ மதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, அந்தப் பார்வையை யாராலும் தாங்க முடியாது.

அவர்கள் போனதும் மதி உடைந்து அழுதாள்.

"பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டுத்தான் போட்டேன் பாய். என் மேல எந்தத் தப்பும் இல்ல."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்!"

"அந்த ஃபோல்டரும் அப்படித்தாம்மா சொல்லிச்சு," என்றார் பாய்.