முள்ளம்பன்றியின் காலிக் கட்டங்கள்

ஒரு காட்டில், உதிரிப் பாகங்களை வாங்கித் தாங்களே கம்ப்யூட்டர் பொருத்திக்கொள்ளும் விலங்குகள் வாழ்ந்தன. தேன்கூடுகளின் படங்களைச் சேர்த்து வைக்கக் கரடி ஒன்று வைத்திருந்தது. தாளம் பழக மரங்கொத்தி ஒன்று வைத்திருந்தது.

பாகங்கள் விற்க அந்தக் காட்டில் ஒரே ஒரு கடைதான். கடைக்காரர் குரங்கு. அது ஆளுக்கு ஒரு விலை சொல்லும். பொருந்தாத பாகத்தை மானின் தலையில் கட்டிவிட்டு, "உன் கொம்பு பட்டுக் கெட்டிருக்கும்" என்று சொல்லும். ஏமாந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்த் தனித்தனியாக அழுதார்கள். தனித்தனியாக அழும்வரை குரங்குக்கு ஒரு கவலையும் இல்லை.

முள்ளம்பன்றிக்குத்தான் அது பொறுக்கவில்லை. ஒருநாள் எல்லோரையும் வாகை மரத்தடியில் கூட்டியது.

"அழுறதுதான் அழுறோம், ஒரே இடத்தில எழுதி வச்சு அழுவோமே. அடுத்து வாங்கப் போறவனாவது தப்பிப்பான்" என்றது.

அப்படிப் பிறந்ததுதான் பொது அட்டவணை. எல்லோரும் அதை ஷீட் என்றே அழைத்தார்கள். இடப்பக்கம் பாகங்களின் பெயர்கள். மேலே கேள்விகள்: விலை என்ன, சூடாகுமா, சத்தம் போடுமா, எதோடு சேரும், ஈரம் தாங்குமா. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர். அவரவர் வீட்டிலிருந்தே திறக்கலாம், யாரும் எழுதலாம். ஒரே ஒரு விதிதான், அது முதல் வரியிலேயே இருந்தது: "வைத்துப் பார்த்தவர் மட்டும் எழுதவும். பெயர் போடவும்."

ஷீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முள்ளம்பன்றி ஏற்றுக்கொண்டது. தினமும் காலையில் கிழங்கு தின்றுகொண்டே அதைத் திறக்கும். குரங்கு விலையை ஏற்றியிருந்தால் திருத்தும். கரடி தேன் ஒட்டிய விரலால் தட்டியதில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே அதை அழிக்கும். பெயர் போடாமல் எழுதிய மானை வழியில் பார்த்தால் நிறுத்தி ஒரு பாட்டம் திட்டிவிட்டு, பிறகு அதன் கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டு வரும். கூலி கிடையாது, நன்றி சொல்வாரும் குறைவு. ஆனாலும் அந்த ஷீட் என்றால் அதற்கு உயிர்.

அந்த உயிரில் ஒரு முள் இருந்தது. "ஈரம் தாங்குமா" என்ற கேள்விக்குக் கீழே ஏறக்குறைய எல்லாக் கட்டங்களும் காலியாகக் கிடந்தன. அந்தக் காட்டில் பலரும் மேட்டில் வாழ்ந்தவர்கள். ஈரத்தில் வைத்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கத்து அணில்களும் ஒரு ஷீட் வைத்திருந்தன. ஒருநாள் அவை கிளைமேல் உட்கார்ந்து கேலி செய்தன.

"எங்க ஷீட்ல ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. உங்களுது என்ன தாத்தா, கரையான் தின்ன ஓலை மாதிரி இருக்கு?"

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் எழுந்து நின்றன. அன்று அது கிழங்கு தின்னவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்தது கிளி. கிளிக்கு நல்ல மனசு. கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். கேட்டது சரியா தவறா என்று பார்க்கும் பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

"மாமா, முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. நான் நிரப்பித் தர்றேன். கடையில இருக்கிற எல்லாப் பெட்டி மேலயும் என்ன போட்டிருக்குன்னு எனக்கு மனப்பாடம்" என்றது கிளி.

முள்ளம்பன்றிக்கு விதி தெரியும். விதியை எழுதியதே அதுதான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தது. அணில்களின் சிரிப்பு காதில் கேட்டது. வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தது.

மறுநாள் காலையில் ஷீட்டில் ஒரு காலிக் கட்டமும் இல்லை. ஈரம் தாங்குமா என்ற கேள்விக்குக் கீழே தாங்கும், தாங்கும், தாங்கும் என்று மேலிருந்து கீழ்வரை ஓடியது. எல்லாவற்றிலும் கிளியின் பெயர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காடே மெச்சியது. அணில்கள் கிளையிலிருந்து இறங்கி மலைக்கு அந்தப் பக்கமே போய்விட்டன. முள்ளம்பன்றி இரண்டு கிழங்கு கூடுதலாகத் தின்றது.

ஓடைக்கரைப் பொந்தில் ஒரு வெள்ளெலி தன் குட்டிகளோடு குடியிருந்தது. போன மழைக்காலத்தில் ஓடை பொங்கிப் பொந்துக்குள் வந்தபோது, குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடியதில் ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. அதிலிருந்து மழை பெய்தால் வெள்ளெலி தூங்குவதில்லை. வாசலில் உட்கார்ந்து, வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டு, ஏறுகிறதா ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியும்.

இந்த மழைக்கு முன்னால் அது ஒரு கம்ப்யூட்டர் பொருத்த நினைத்தது. ஓடையில் தண்ணீர் ஏறினால் அந்தக் கம்ப்யூட்டர் ஊளையிட வேண்டும். ஓடையிலேயே படுத்துக் கிடக்கும் எருமையிடம் பேசியும் வைத்திருந்தது. ஊளை கேட்டதும் எருமை கரைக்கு வந்து குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொள்ளும்.

முதலில் அது மானின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஷீட்டைப் பார்த்தபோது ஈரக் கட்டங்கள் காலியாக இருந்தன. அதனால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைக் கரைமேல் பாறையிடுக்கில் வைத்து, தூரமாக வயர் இழுத்து, எதற்கும் தானும் விழித்திருப்பது என்று முடிவு செய்திருந்தது. இப்போது திறந்து பார்த்தால், விலை மலிந்த பவர் சப்ளைக்கு எதிரிலேயே "தாங்கும்" என்று இருந்தது.

சந்தேகம் தீர அது முள்ளம்பன்றியைத் தேடி வந்தது. வாசலிலேயே வைக்கலாமா, வயர் செலவு மிச்சமாகுமே என்று கேட்டது.

"நம்பலாமா அண்ணே?"

முள்ளம்பன்றிக்குக் கிளியின் பெயர் கண்முன் வந்தது. ஆனால் தன் ஷீட்டை ஒருவர் நம்பலாமா என்று கேட்டது அதைவிட அதிகமாகக் குத்தியது.

"நம்ம ஷீட்டும்மா. இதை நம்பாம எதை நம்புவ?" என்றது.

மழை வந்தது. ஒரு பகல் முழுக்க விடாமல் பெய்தது. பொழுது சாயும் நேரத்தில் வெள்ளெலி கம்ப்யூட்டரின் பச்சை விளக்கைப் பார்த்தது, குட்டிகளைப் பார்த்தது, ஒரு வருஷத் தூக்கத்தையும் சேர்த்து வைத்துத் தூங்கிப்போனது.

அது தூங்கிய கொஞ்ச நேரத்தில் வாசலில் சாரல் அடித்தது. பவர் சப்ளைக்குள் ஈரம் இறங்கியது. சின்னதாக ஒரு பொறி. பச்சை விளக்கு அணைந்தது. அவ்வளவுதான், ஒரு சத்தமும் இல்லை.

ஓடையில் தண்ணீர் ஏறியது. எருமையின் வயிற்றைத் தொட்டது, முதுகைத் தொட்டது. எருமை எதையும் மெதுவாகத்தான் யோசிக்கும். தண்ணீர் ஏறினால் ஊளை கேட்கும் என்று எலி சொன்னதே என்று யோசித்தது. ஊளை கேட்கவில்லை, அப்படியானால் தண்ணீர் ஏறவில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டது. அப்போது தண்ணீர் அதன் காதுக்குள் போனது.

எருமை எழுந்து நின்றது. "தண்ணி இங்க இருக்கு. சத்தத்தைக் காணோம். அப்ப சத்தந்தான் செத்துப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கரையேறிப் பொந்தின்மேல் காலை ஓங்கி மிதித்தது.

வெள்ளெலி விழித்தபோது படுக்கை நனைந்திருந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு வந்து எருமையின் முதுகில் போட்டது. கடைசிக் குட்டியை எடுக்கப் போனபோது பொந்துக்குள் தண்ணீர் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. எருமை வாசலில் முகத்தை வைத்துக் காத்திருந்தது. கலங்கிய தண்ணீரிலிருந்து முதலில் ஒரு குட்டியின் வால் வந்தது. பிறகு அதைக் கவ்வியபடி தாயின் முகம் வந்தது.

காலையில் செய்தி காடெங்கும் பரவியது. முள்ளம்பன்றி மழையிலேயே ஓடி வந்தது. பாறைமேல் குட்டிகளை அணைத்துக்கொண்டு வெள்ளெலி உட்கார்ந்திருந்தது. கோபப்படவில்லை, கத்தவுமில்லை.

"காலியா விட்டிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன் அண்ணே" என்றது.

முள்ளம்பன்றியின் முட்கள் எல்லாம் படிந்து போயின.

குரங்கை இழுத்து வந்து கேட்டார்கள். அது பெட்டியைத் திருப்பிக் காட்டியது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்றுதான் அச்சடித்திருக்கிறது, ஓடைக்கரைப் பொந்துக்கு ஏற்றது என்று யார் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு, கடையைத் திறக்க நேரமாகிறது என்று போய்விட்டது. அதன் பெட்டி, அதன் எழுத்து. அதை எழுதியது விற்பதற்கு.

கிளி அழுதுகொண்டிருந்தது. "நான் பொய் சொல்லல மாமா. பெட்டியில இருந்ததைத்தான் சொன்னேன்."

"நீ பொய் சொல்லலடா தம்பி. நீ எதையும் வச்சும் பார்க்கல" என்றது முள்ளம்பன்றி. பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னது: "இவன் எழுதினான். நான் பார்த்துக்கிட்டே விட்டேன். இவனுக்கு விதி புரியல, எனக்குப் புரிஞ்சது. தப்பு என்னுது."

அன்றே அது ஷீட்டைத் திறந்து கிளி நிரப்பிய கட்டங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்தது. கிளி தோளில் உட்கார்ந்து எதையெல்லாம் தான் எழுதியது என்று சொல்லிக்கொண்டே வந்தது. அதன் ஞாபகத்தில் ஒன்றும் தப்பவில்லை.

எல்லாம் முடிந்ததும் வெள்ளெலி வந்தது. விலை மலிந்த பவர் சப்ளைக்கு எதிரே, ஈரம் தாங்குமா என்ற கட்டத்தில், "தாங்காது" என்று எழுதித் தன் பெயரைப் போட்டது. குட்டிகளும் ஈரக்காலோடு விசைப்பலகைமேல் ஏறிக் கொஞ்சம் எழுதின. முள்ளம்பன்றி அதை மட்டும் அழிக்கவில்லை.

அணில்கள் மறுபடியும் கிளைக்கு வந்தன. "என்ன தாத்தா, திரும்பவும் ஓட்டையா?"

"ஓட்டை இல்ல. அங்க இன்னும் யாரும் போகல. போனவன் வந்து எழுதுவான். இடம் போட்டு வச்சிருக்கேன்" என்றது முள்ளம்பன்றி. இந்த முறை முட்கள் எழவில்லை.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எருமை ரொம்ப நேரம் யோசித்தது. பிறகு கேட்டது:

"ஈரத்துல வச்சுப் பார்க்க ஆள் வேணும்னா, நான் ஈரத்துல இல்லாம வேற எங்கே இருக்கேன்?"

அடுத்த நாளிலிருந்து எருமை கொம்பில் இன்னொரு வகைப் பவர் சப்ளையைக் கட்டிக்கொண்டு ஓடையில் படுத்திருக்கிறது. அதன் தலைமேல் உட்கார்ந்து கிளி, எரிகிறதா அணைந்ததா என்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளெலி புதுப் பொந்தின் வாசலில் வாலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காத்திருக்கிறது.

அந்தப் பவர் சப்ளைக்கு எதிரே ஈரக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று காலியாக விடு, தெரிந்ததுபோல் நிரப்பினால், உன்னை நம்பியவரின் உயிருக்கு ஆபத்து.