தேய்ந்த பக்கம்

ஆட்கொல்லிப் புலியைத் தானே சுட்ட துப்பாக்கி என்று சொல்லி, ஜமீன்தார் மருதப்பர் அதை ஏலத்துக்கு வைத்தார். பட்டணத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர், "அசல் என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்.

துப்பாக்கி துடைக்கும் பொம்மக்காவைக் கூப்பிட்டார் ஜமீன்தார். "அசல்னு நிரூபிச்சுக் காட்டு. இல்லேன்னா இன்னியோட உனக்கு இங்க வேலை கிடையாது."

"அசல்தான் எசமான். குறி பாக்கறப்போ கன்னம் பதிஞ்சு பதிஞ்சு துப்பாக்கியோட பின்கட்டை தேஞ்சிருக்கு. நீங்க குறி வச்சுக் காட்டுங்க, ஐயாவுக்கே புரியும்."

ஜமீன்தார் துப்பாக்கியைக் கம்பீரமாக வலது தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்தார். மதிப்பீட்டாளர் குனிந்து பார்த்தார். கன்னம் பட்ட பக்கம் மெருகு குலையாமல் மின்னியது. தேய்ந்திருந்தது மறுபக்கம்.

"இதை வச்சுச் சுட்டவர் இடதுகைக்காரராச்சே!"

"ஆமாங்க, எங்கப்பா," என்றாள் பொம்மக்கா. "புலி விழுந்த இடத்துலயே அவரும் விழுந்துட்டார். எசமான் மரத்து மேல இருந்தாங்க."

மதிப்பீட்டாளர் பேனாவைத் திறந்தார். "அப்பா பேரைச் சொல்லும்மா."